கண்ணாடிக்கு இந்தப் புறம்

நான் எழுதுகிற மேஜைக்கு எதிரே ஒரு ஜன்னல் இருக்கிறது. ஜன்னலை ஒட்டி ஒரு பலகை. அந்தப் பலகையில் சில வருஷங்களாக இரண்டு பாத்திரங்களை வைத்திருந்தேன். ஒன்று இரண்டடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி, அதில் மீன். மற்றொன்று, தண்ணீர் ஊற்றிய தட்டுக்குள் நிறுத்திய சிறிய பூந்தொட்டி. அதில் பூச்சி தின்னும் செடி. எழுத்து ஓடாத நேரங்களில் இவை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுத்து ஓடாத நேரம் எனக்கு நிறையவே உண்டு.

ஒரு சமயம் ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். முப்பது வருஷம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மரக்கறி உண்கிற குடும்பம். அவர் வந்து இறங்கிய அன்று காலையில் நான் ஓர் ஈயைச் சாமணத்தால் பிடித்துச் செடியின் இலைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். காப்பித் தம்ளரும் கையுமாக என் பின்னால் வந்து நின்றவர் ஒரு நிமிஷம் பேசாமல் பார்த்தார்.

"ஏண்டே, நீ இன்னும் சைவந்தானே?" என்றார்.

"ஆமா சித்தப்பா."

"அப்போ இத யாரு கணக்குல எழுதணும்?"

"திங்கிறது செடிதானே சித்தப்பா. நான் இல்லையே."

"அது சரிடே. இல போட்டது செடி. பரிமாறுனது யாரு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் காப்பியைக் குடித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். கேள்வி மட்டும் போகவில்லை. ஒரு வீட்டுப் பொழுதுபோக்கைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணி அதைத் தள்ளிப் பார்த்தேன்.

மீன் வளர்க்க வேண்டுமென்பது என் மகளின் ஆசை என்று எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். அது பாதிதான் நிஜம். சிறு பிராயத்தில் வாய்க்காலில் துண்டை விரித்துப் பிடித்த குட்டி மீன்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூன்றாம் நாள் அவை மிதந்ததும் அம்மாவுக்குத் தெரியாமல் கொட்டியவன் நான். அந்த ஆசை உள்ளேயே கிடந்தது. மகளுக்கு எட்டு வயதானபோது, அவளை முன்னிட்டு, கொளத்தூருக்குப் போனோம். சென்னையில் வண்ண மீன் வாங்குகிறவர்கள் எல்லாரும் போய்ச் சேருகிற இடம் அது. தெரு நெடுகக் கடைகள். பிளாஸ்டிக் பைகளில் காற்றடைத்துக் கட்டித் தொங்கவிட்ட மீன்கள், தீபாவளிக்கு முந்தின நாள் பட்டாசுக் கடைபோல மின்னிக்கொண்டிருக்கும். ஒரு தொட்டியும் மணலும் ஆறு தங்கமீன் குட்டிகளும் வாங்கி வந்து, அன்று மாலையே தண்ணீர் நிரப்பி விட்டுவிட்டோம்.

எட்டு நாளில் நான்கு செத்துவிட்டன.

விஷயம் என்னவென்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நான் விஞ்ஞானம் படித்தவனல்ல. தெரிந்துகொண்டதை எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். மீன் தன் உடம்பின் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே விடுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. ஆற்றிலும் குளத்திலும் இது ஒரு பொருட்டே அல்ல. தொட்டியில் அது போக இடமில்லை. மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒருவகை நுண்ணுயிர்கள் குடியேறி அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்ற வேண்டும். இன்னொரு வகை வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். முதலிரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அவ்வளவு இல்லை. இந்தக் கண்ணுக்குத் தெரியாத குடிகள் ஊர் நிரம்பிப் பெருகுவதற்கு நான்கு வாரம், ஆறு வாரம்கூட ஆகும். அதுவரை தொட்டியில் மீன் விடாமலிருப்பது நல்லது. விட்டால் தீனியைக் குறைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவர வேண்டும். நானும் மகளும் என்ன செய்தோம் தெரியுமா? மீன்கள் கண்ணாடிக்கு அருகே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, பாவம் பசிக்கிறது என்று நாளைக்கு ஐந்து தடவை தீனி போட்டோம். இரக்கத்தினால் கொன்றோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

தங்கமீன் என்றால் நாலைந்து மாதம் இருக்கும், பிறகு போய்விடும் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. இங்கிலாந்தில் 1956-ல் ஒரு சந்தையில் பந்தயப் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 1999 வரை உயிரோடிருந்தது. நாற்பத்து மூன்று வருஷம்! அதன் இயற்கை ஆயுள் குறுகியது என்று நாம் சொல்லிக்கொள்வது, நம்முடைய கைவேலையை அதன் தலையெழுத்தில் எழுதிவிடுகிற காரியம்.

இந்தப் பொழுதுபோக்கின் சரித்திரத்திலேயே இப்படி ஒரு சங்கடம் இருக்கிறது. 1850-ல் லண்டனைச் சேர்ந்த வாரிங்டன் என்ற ரசாயனவாதி, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் சேர்த்து வைத்தால் அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கும் என்று காட்டினார். அடுத்த சில வருஷங்களில் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதைப் பற்றிப் புத்தகம் எழுத, இங்கிலாந்து முழுவதும் பைத்தியம் பிடித்தது. சீமாட்டிகளும் பாதிரிமார்களும் கூடையும் உளியுமாகக் கடற்கரைப் பாறைகளைத் தேடிப் புறப்பட்டார்கள். காஸ் கடவுள் பக்தர். படைப்பின் அழகை மக்கள் காண வேண்டுமென்று எழுதினார். அவருடைய மகன் எட்மண்ட் காஸ், தம் தந்தையைப் பற்றி 1907-ல் எழுதிய புத்தகத்தில், அந்தப் பாறைக் குளங்களின் அழகெல்லாம் தந்தையின் புத்தகத்தைப் படித்து வந்தவர்களால் சூறையாடப்பட்டுப் போயிற்று என்று வருந்துகிறார். அந்தத் தந்தை மனத்தாலும் யாருக்கும் தீங்கு நினைத்தவரல்லர்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளத்து ஓடைகளில், சிவப்புக் கோடு போட்ட ஒரு கெண்டை இருக்கிறது. 1865-ல் பிரான்சிஸ் டே என்பவர் அதை விவரித்து, அக்காலத்துச் சென்னை கவர்னர் டெனிசனின் பெயரை அதற்கு வைத்தார். நூறு வருஷத்துக்கு மேல் அது தன் பாட்டுக்கு இருந்தது. பிறகு மீன் வியாபார உலகம் அதற்கு 'மிஸ் கேரளா' என்று பட்டம் சூட்டிற்று. பட்டம் கிடைத்த அழகிக்கு என்ன நேருமோ அது நேர்ந்தது. பிடித்துப் பிடித்து ஏற்றுமதி செய்து, இன்று அது அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதன் சிவப்புக் கோடு மங்கலாக இருந்திருந்தால் பிழைத்திருக்கும். கொளத்தூரில் அந்த மீனை நான் கண்ணாடிக்கு அருகே நின்று வெகு நேரம் பார்த்திருக்கிறேன். ஓடையில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை, விலையைத்தான் கேட்டேன். புலால் மறுத்தலைப் பேசுகிற இடத்தில் வள்ளுவர், தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்வோரும் இல்லை என்கிற நியாயத்தைச் சொல்லியிருக்கிறார். மீன் தின்கிறவர்களிடம் அந்தக் குறளை எடுத்துச் சொல்லிப் பெருமைப்படுகிற பரம்பரையில் வந்தவன் நான். மீனைப் 'பார்க்க' வாங்குகிறவனுக்கும் அது பொருந்தும் என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

இனிச் செடிக்கு வருகிறேன். சித்தப்பா பார்த்தது அமெரிக்கச் செடி. வீனஸ் ஈப்பொறி என்று பெயர். உலகத்தில் அது இயற்கையாக வளர்வது வட, தென் கரோலினாக்களில் கடலோரத்து ஈர நிலங்களில், ஒரு சிறிய வட்டாரத்தில் மட்டும். அங்கே அதைத் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்கள் பெருகிப்போய், 2014-ல் வட கரோலினாவில் அதைப் பெருங்குற்றமாகவே சட்டம் செய்தார்கள். எனக்கு வந்தது வளர்ப்புப் பண்ணையில் பெருக்கியதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தச் செடி ஏன் பூச்சியைத் தின்கிறது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது வளர்கிற மண்ணில் நைட்ரஜன் சத்துக் கிடையாது. மற்றச் செடிகள் வேரால் மண்ணிலிருந்து எடுப்பதை இது இலையால் ஈயிடமிருந்து எடுக்கிறது. ஆகவே இதற்கு எரு போட்டால் செத்துப்போகும். கார்ப்பரேஷன் தண்ணீர் ஊற்றினாலும் அதிலுள்ள உப்பினால் நாளடைவில் செத்துப்போகும். மழைத் தண்ணீர்தான் வேண்டும். என் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு பாத்திரங்களில் ஒன்றின் நோய் நைட்ரஜன் மிகுதி, மற்றொன்றின் நோய் நைட்ரஜன் வறுமை! ஆனால் இதிலுள்ளதை எடுத்து அதில் ஊற்றி இரண்டையும் சரிக்கட்ட முடியாது. மீன் தொட்டித் தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றினால் ரோஜா கொழிக்கும்; இந்தச் செடி அந்த விருந்தைத் தாங்காது.

சார்லஸ் டார்வினுக்கு இந்த மாதிரிச் செடிகளின்மேல் பெரும் மோகம். 1860 கோடையில் ஸஸெக்ஸ் பக்கத்தில் பனித்துளிச் செடி என்கிற வகையில் ஏராளமான பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். அந்த வருஷம் நவம்பரில் லயல் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், உலகத்து உயிரினங்கள் எல்லாவற்றின் தோற்றத்தைக் காட்டிலும் தமக்கு இந்தச் செடியின்மேல்தான் அக்கறை அதிகம் என்கிற பொருளில் எழுதினார். உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய புத்தகம் வெளியாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது! பதினைந்து வருஷம் கழித்து, 1875-ல், பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் போட்டார். மாமிசத் துணுக்கும் முட்டை வெள்ளையும் வைத்தால் இலை வளைந்து பிடித்துக்கொள்கிறது, சர்க்கரைத் தண்ணீருக்கும் தேயிலைத் தண்ணீருக்கும் அசைவதில்லை என்று வரிசையாகச் சோதனை செய்து எழுதியிருக்கிறார். அந்த மனிதர் உட்கார்ந்து ஒரு செடிக்குத் தேநீர் கொடுத்துப் பார்த்த காட்சியை நினைத்தால் எனக்கு அவர்மேல் அன்பு பொங்குகிறது. பின்னால் அவருடைய மகன் பிரான்சிஸ், பூச்சி கிடைக்காத செடியும் உயிரோடிருக்கும், ஆனால் உணவு கிடைத்த செடிதான் நிறைய விதை விடும் என்று 1878-ல் நிரூபித்தார்.

அன்று மாலை சித்தப்பாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவர் தொல்காப்பியத்தை எடுத்துக்கொண்டார். மரபியலில் உயிர்களை அறிவின் கணக்கால் ஏணிபோல அடுக்கியிருக்கிறதல்லவா? புல்லும் மரமும் ஓரறிவு. அந்த ஓரறிவு எது? தொடு உணர்வு. நண்டும் தும்பியும் நாலறிவு. "ஓரறிவுயிர் நாலறிவுயிரப் பிடிச்சுத் திங்குதுன்னா ஏணி தலைகீழாப் போச்சேடே" என்று அவருக்கு ஒரே குதூகலம்.

ஆனால் நான் நினைத்தது வேறு. ஏணி தலைகீழானாலும் அந்த ஓரறிவைச் சொன்னது எவ்வளவு பொருத்தம்! இந்தச் செடியின் வேலை முழுவதும் தொடு உணர்வில்தான் நடக்கிறது. திறந்த சிப்பி போன்ற இலையின் உட்புறத்தில், ஒவ்வொரு மடலிலும் சாதாரணமாக மூன்று மயிர்கள் இருக்கும். ஒருமுறை தொட்டால் ஒன்றும் நடக்காது. மழைத்துளியாக இருக்கலாம், சருகாக இருக்கலாம். ஏறக்குறைய இருபது நொடிக்குள் இரண்டாம் முறை தொட்டால் கண் இமைக்கிற நேரத்தில் மூடிக்கொள்ளும். மூடினதும் ஜீரணம் ஆரம்பமாவதில்லை. உள்ளே அகப்பட்டது துடித்து, மேலும் மேலும் மயிர்களைத் தொட வேண்டும். ஐந்து தொடுகை போலச் சேர்ந்தால்தான் ஜீரண நீர் சுரக்கத் தொடங்கும் என்று 2016-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். செடி எண்ணிக்கை போடுகிறது. எதை எண்ணுகிறது? சாகிற உயிரின் துடிப்பை.

இதனால் வளர்க்கிறவனுக்கு ஒரு சிக்கல். உயிருள்ள ஈயை வைக்க எனக்கு மனம் வராத நாட்களில், ஜன்னலடியில் தானாகச் செத்துக் கிடந்த ஈயை எடுத்து வைத்துப் பார்த்தேன். பாவமில்லாத வழி என்று எண்ணினேன். இலை மூடிற்று, மறுநாள் திறந்துகொண்டது, ஈ அப்படியே கிடந்தது. செத்த ஈ துடிப்பதில்லை. ஆகையால் செடி அதை உணவாக மதிக்கவில்லை. இதற்குத் தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்கிறார்கள். இலை மூடிய பிறகு, பல் குத்தும் குச்சியால் வெளியிலிருந்து மெல்ல மெல்ல அழுத்திக் கொடுக்க வேண்டும். உள்ளே செத்த ஈ அசைந்து மயிர்களை உரசும். செடி ஏமாந்து ஜீரணத்தைத் தொடங்கும்.

அப்படியே செய்தேன். முதல் தடவை விளையாட்டாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை, குச்சியை அழுத்திக்கொண்டிருக்கையில், நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று சட்டென்று தெரிந்தது. ஓர் உயிர் எப்படித் துடித்துச் சாகுமோ, அதை என் விரல் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு வேகமாக, எவ்வளவு விட்டுவிட்டு, எப்போது களைத்து ஓய வேண்டும் என்று கதாசிரியனுக்குரிய கவனத்தோடு நடித்துக்கொண்டிருந்தேன். நன்றாகவும் நடித்தேன், செடி நம்பிவிட்டது. கொலை நடக்கவில்லை. ஆனாலும் உயிருள்ள ஈயைக் கொடுத்த நாட்களில் வராத ஒரு கூச்சம் அப்போது வந்தது. இதுவரை நான் எதைப் பார்ப்பதற்காக உட்கார்ந்திருந்தேன் என்பது அந்தக் குச்சியில் வெளிப்பட்டுவிட்டது.

தன் வழியில் போன ஈயைச் செடி பிடித்தால் அதில் குற்றம் சொல்ல யாரும் இல்லை. குளத்து மீன் புழுவைத் தின்றால் அதற்கும் கணக்குப் பிள்ளை கிடையாது. காட்டில் சாவுகளுக்குச் சொந்தக்காரன் இல்லை. நான் ஒரு கண்ணாடியைச் சுற்றிலும் நிறுத்தியவுடனே உள்ளே நடக்கிற ஒவ்வொரு சாவுக்கும் சொந்தக்காரன் ஒருவன் ஏற்பட்டுவிடுகிறான். 'நான் வெறுமனே பார்க்கிறவன்' என்று அவன் சொல்லிக்கொள்ள முடியாது. பார்ப்பதற்கென்றுதானே இந்த ஏற்பாடு? மீனுக்குச் சிவப்புப் புழு வாங்கிப் போடக் கூசி, டப்பாவில் வருகிற உலர்ந்த தீனியைப் போட்டுவந்தேன். ஒரு நாள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் முதலில் எழுதியிருக்கிறது மீன்தூள். கூச்சம் என்பது பல சமயங்களில் பொடியாக அரைத்துக் கொடுத்தால் போய்விடுகிற சமாசாரம்.

இவ்வளவும் பேசுவது சுலபம். எனக்கு நிஜமான சோதனை வந்தது ஒரு மீனினால்.

பிழைத்த இரண்டு தங்கமீன்களையும் பெரிய தொட்டி வைத்திருந்த நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, தொட்டியை முறைப்படி ஒன்றரை மாதம் பழக்கி, ஒரே ஒரு சண்டைமீனை வாங்கி விட்டோம். சயாம் தேசத்து மீன். 2019-ல் தாய்லாந்து அதைத் தன் தேசிய நீர்வாழ் பிராணியாகவே அறிவித்துக்கொண்டது. நீல உடம்பு, சிவந்த துடுப்பு. இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் கிழித்துக்கொள்ளும். தனியாக விட்டால் கண்ணாடியில் தெரிகிற தன் நிழலோடு மோதும். மேலே வந்து காற்றையும் குடிக்கும். அதனால் கடைகளில் அதை ஊறுகாய்ப் பாட்டிலில் வைத்து விற்கிறார்கள். மகள் அதற்குச் சேரன் என்று பெயர் வைத்தாள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் எங்களோடு இருந்தது. நான் மேஜையில் உட்கார்ந்தால் முன்பக்கக் கண்ணாடிக்கு வரும். தீனிக்காகத்தான் வந்தது என்று எனக்குத் தெரியும். என்னிடம் வருகிற மனிதர்களிலும் அந்த வகை உண்டு. அதற்காக அவர்களை நான் குறைவாக நேசித்ததில்லை.

ஒரு நாள் அதன் வயிறு உப்பியிருந்தது. மறுநாள் செதில்கள் பலாப்பழத்து முள்போல விறைத்து நின்றன. உள் உறுப்புகள் கெட்டு உடம்பில் நீர் கோத்துக்கொள்கிற நோய். இந்த நிலைக்கு வந்தபின் பிழைப்பது மிகவும் அபூர்வம். மீன் வளர்க்கிற நண்பர் போனில், "கஷ்டப்பட விடாதீங்க சார்" என்றார். கிராம்பு எண்ணெயைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, ஒரு பாத்திரத்தில் மீனை விட்டால் முதலில் மயங்கும். பிறகு, அளவைக் கூட்டினால், மயக்கத்திலேயே போய்விடும் என்றார். கிராம்பு எண்ணெய் வீட்டில் இருந்தது, என் பல்வலிக்காக வாங்கியது.

மீனுக்கு வலி உண்டா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. 2003-ல் லின் ஸ்னெடன் என்ற அம்மையாரும் அவரோடு சேர்ந்தவர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் எரிச்சல் தரும் திராவகத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அவை உணவை மறந்து உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. இது வலிதானா என்று அறிஞர்களின் விவாதம் இன்னும் ஓயவில்லை. என் தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்து, காற்றுக் குடிக்க மேலே வர ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு முயற்சி செய்த அந்த மீனைப் பார்த்த எனக்கு விவாதம் தேவைப்படவில்லை.

நான் எண்ணெய்ப் புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு காந்திஜியின் கன்றுக்குட்டி விவகாரத்தை நினைத்தேன். 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று, தேறாத நோயில் துடித்துக்கொண்டிருந்தது. விஷ ஊசி போட்டு அதன் துன்பத்தை முடிக்க அவர் ஏற்பாடு செய்தார். அகிம்சையை உபதேசித்தவர் பசுவின் கன்றைக் கொன்றாரே என்று நாடெங்கும் கொதித்தது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் தம் பத்திரிகைகளில் பதில் எழுதினார், செய்ததிலிருந்து பின்வாங்கவில்லை. அந்த நாளில் இருந்திருந்தால் நான் அவர் பக்கம்தான் பேசியிருப்பேன். ஒரு கட்டுரைகூட எழுதியிருப்பேன். புட்டியின் மூடியைத் திறக்கத்தான் முடியவில்லை.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். இரவு பத்து மணிக்கு ஒரு மீனுக்காகப் போன் செய்கிற அண்ணன் மகனை அவர் கேலி செய்யவில்லை. "அருளுடைமைன்னு ஒரு அதிகாரம். கொல்லாமைன்னு ஒரு அதிகாரம். ரெண்டையும் நாப்பது வருஷமாப் படிக்கேன். ரெண்டும் எதிரும் புதிருமா நிக்கிற நாளுக்கு அவரு தனி அதிகாரம் எழுதல. அது நாம எழுதிக்கிட வேண்டியதுதான் போல" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் செய்ய மாட்டேன்டே. ஆனா செஞ்சவன ஒண்ணும் சொல்லவும் மாட்டேன்" என்றார்.

நான் செய்யவில்லை. நான்காம் நாள் விடியற்காலையில் அது செத்துப்போயிற்று. நாலு நாளும் நான் அழாத குறையாக அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். மகளும் நானும் மாடித் தொட்டியில் செம்பருத்தியின் அடியில் புதைத்தோம். மண்ணைத் தள்ளிக்கொண்டே அவள் கேட்டாள்:

"அப்பா, அந்த எண்ணெய முதல் நாளே போட்டிருந்தா அதுக்கு வலிச்சிருக்காதுல்ல?"

"வலிச்சிருக்காதும்மா."

"அப்புறம் ஏன் போடல?"

கொல்லாமையைப் பற்றிச் சொல்லலாமென்று வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. "பயமா இருந்துச்சு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். குழந்தைகளுக்குப் பயம் என்றால் புரியும்.

அதற்குப் பிறகு பல நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். செடிக்கு ஈயைக் கொடுத்தபோது என் கை கூசவில்லை. செடிக்கு அந்த ஈ அவசியமுமில்லை. இரண்டொரு மாதம் பூச்சியில்லாமலே அது இருந்திருக்கும். எனக்கு வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது. கை முன்னே வந்தது. மீனுக்கு உதவி வேண்டியிருந்தபோது அதே கை பின்னால் போய்விட்டது. அப்படியானால் அந்த நாலு நாளும் நான் காத்தது மீனின் உயிரையா, அல்லது என் கையின் சுத்தத்தையா? எங்கள் வீட்டு இலையில் மீன் விழுந்ததில்லை என்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு நிம்மதி. அந்த நிம்மதி கலைந்துவிடுமே என்ற பயம்தான் புட்டியின் மூடியை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் கொன்றிருக்க வேண்டும் என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் கொல்லாததற்கு நான் சொல்லிக்கொண்ட காரணம் பொய்.

ஈப்பொறி அடுத்த மே மாதத்து வெயிலில் கருகிவிட்டது. அதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். சென்னையில் அதற்கு எங்கே போவது? இப்போது அந்த இடத்தில் நம் நாட்டுச் செடி ஒன்று இருக்கிறது, நண்பர் அனுப்பிய விதையில் முளைத்தது. டார்வின் கண்ட பனித்துளிச் செடியின் இனம். ஈரமான மணற்பாங்கான நிலங்களில் தரையோடு தரையாகக் காலணா அளவில் சிவந்து கிடக்கும். இலை முழுவதும் மயிர்கள். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு துளி பசை. சித்த மருத்துவத்தில் அழுகண்ணி, தொழுகண்ணி என்று இரண்டு மூலிகைகளைச் சேர்த்துச் சொல்வார்கள்; இந்த வகைச் செடியைத்தான் அழுகண்ணி என்பாரும் உண்டு. சித்தப்பா போன தடவை வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "அழுதுக்கிட்டேல்லா சாப்பிடுது" என்றார். இதற்கு நான் எதையும் பரிமாறுவதில்லை. கொசுவோ சிறு பூச்சியோ தானாக வந்து ஒட்டிக்கொண்டால் உண்டு. மீன் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். சேரனுக்குப் பிறகு வேறு மீன் வாங்கவில்லை. மகள் கேட்கவும் இல்லை.

இந்தச் செடிக்கும் மழைத் தண்ணீர்தான் வேண்டும். சென்ற ஐப்பசியில் மொட்டை மாடியில் ஒரு வாளி நிறையப் பிடித்து வைத்திருந்தேன். மூடி எப்போதோ காற்றில் விலகியிருக்கிறது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் தண்ணீர் முழுவதும் கொசுப்புழு. நூற்றுக்கணக்கில் வளைந்து வளைந்து மேலேறிக் கீழிறங்கிக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் இப்படியானால் ஒரு வலையால் அள்ளித் தொட்டியில் விட்டுவிடுவேன். அது மீன் பார்த்துக்கொள்கிற விஷயமாக இருந்தது. கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு.

மகள் பக்கத்தில் வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "இத என்னப்பா செய்யறது?" என்றாள்.

அவளைக் கீழே போகச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை. வாளியைத் தூக்கி, வெயில் காய்ந்துகொண்டிருந்த தளத்தில் மெதுவாகச் சாய்த்தேன். தண்ணீர் பரவி, தண்ணீர்க் குழாய் ஓரம்வரை போய் நின்றது. புழுக்கள் கொஞ்ச நேரம் துள்ளின. தளம் காய்கிறவரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.